ஹவாய்க் கோழியில் அப்பாவின் பாதி

அன்புள்ள கண்ணுக்கு,

ஊரே அடங்கின நேரத்தில் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். உன் தம்பி இப்போதுதான் கண்ணை மூடினான், படுக்கவைத்தால் விழித்துக்கொள்வான் என்று மடியிலேயே போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் ஒரு கையால் எழுதுகிறேன், தாள் நகராமல் இருக்க உப்பு ஜாடியைத் தூக்கி மேலே வைத்திருக்கிறேன், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சித்திக்கு வயசாகிவிட்டது என்று கிண்டல் பண்ணாதே, உனக்கும் எனக்கும் பதின்மூன்று வயசுதான் வித்தியாசம். இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருக்கிறாய் என்று, நான் என்ன கேட்டாலும் பதிலுக்கு நீ அனுப்புகிற அந்தக் கட்டைவிரல் படத்தை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஒரு கட்டைவிரலைப் பார்த்து ஒருத்தி சாப்பிட்டாளா தூங்கினாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நீயே சொல்லு.

உருண்டை (நீ வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது, ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை) இப்போது குப்புற விழுந்து நீந்துகிறான், முன்னால் போக நினைத்துப் பின்னாலேயே போய்க் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறான். எடை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, டாக்டர் பரவாயில்லை என்றார், பரவாயில்லை என்றால் நல்லது என்று அர்த்தமா, மோசமில்லை என்று அர்த்தமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். தூங்குகிறவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மாடி வீட்டு நர்ஸக்கா, "அவன் நல்லாத்தான் தூங்குறான், தூங்குறானான்னு பார்த்துப் பார்த்து நீதான் எழுப்பிவிடுறே" என்கிறார். கண்ணாடிக் கடைக்கு அரை நாள் வேலைக்குத் திரும்பிவிட்டேன், அந்த நேரம் அக்காவிடம்தான் இவன் இருக்கிறான். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துக் கடைசி வரியை வாசியுங்கள் என்று சொல்லும்போதே, இவன் இப்போது எதை வாயில் போட்டிருப்பானோ என்று மனசு வீட்டுக்கு ஓடிவிடுகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். நான் உன்னோடு போனில் பேச ஆரம்பித்தால் உன் அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஒரு பக்கத்தைக்கூடத் திருப்புவதில்லை. உன்னிடம் தனியாகச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது, அதில் அளவெல்லாம் வருகிறது, எழுதினால்தான் சரிப்படும். படிப்பு முடிந்த கையோடு அங்கேயே பல் கட்டுகிற லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்னாயே, அன்று நான் உள்ளே தம்பிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். "ஏன், இந்த ஊர்ல எவனுக்கும் பல்லே இல்லையா" என்று அவர் கத்தினது எனக்குக் கேட்டது, "இருக்கிற பல்லையெல்லாம் நீங்கதான் நறநறன்னு கடிச்சுத் தேய்ச்சு வச்சிருக்கீங்களேப்பா" என்று நீ சொன்னதும் கேட்டது. சத்தியமாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டேன், அது என்ன துணி என்று பொத்தின பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதற்கு அப்புறம் அவர் "அப்ப அங்கேயே இருந்துக்கோ" என்றதும், நீ "சரி, லீவுக்கும் வரலை" என்றதும் சிரிக்கிற விஷயமாக இல்லை. அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசுவதெல்லாம் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா, வை, அவ்வளவுதான். அதனால்தான் போன மாதம் நீயாகவே கூப்பிட்டு, "அப்பா, நம்ம ஹவாய்க் கோழிக்கு ஊறவைக்க என்னென்ன போடுவீங்க, ரூம்ல இருக்கிறவங்க கேக்குறாங்க" என்றபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சமையல் கேட்கிற சாக்கில் சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது, புரிந்துகொண்டேதான் "வீட்டுக்கு வா, சொல்லித்தர்றேன்" என்றார். நீ "ஒரு கோழிக்காக அவ்வளவு தூரம் வரமுடியாது, விடுங்கப்பா" என்றாய், அவர் "விட்டாச்சு" என்று வைத்துவிட்டார். வைத்தபிறகு காய்ந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். நீ வராமலே இருந்துவிடுவாயோ என்று அவருக்குப் பயம் கண்ணு, அந்தப் பயத்தில் கோழியைத் தூண்டிலில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் அதே பயம்தான். ஆனால் இவ்வளவு வளர்ந்த பெண்ணை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று தோன்றியது, நானே அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்து உனக்கு எழுதிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

அந்தக் கோழி உங்கள் இரண்டு பேர் விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அம்மா போன பிறகு, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன், ரொட்டியும் முட்டையும் தின்று தின்று சலித்துப்போன நாளில் நீ எங்கேயோ பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்த சமையல் அது என்று அவர் சொல்லியிருக்கிறார். பட்டறையில் கேட் அடித்து மிஞ்சின கம்பியில் இரண்டு வலைத்தட்டு செய்து, ஒரு பக்கம் கீல் வைத்து, நடுவில் கோழியை அடுக்கி மூடி அப்படியே புரட்டுகிற மாதிரி அவர் ஒன்று செய்து வைத்தாராம். நான் வந்த பிறகும் பின்வாசலில் நீங்கள் அடுப்பு மூட்டினால் நான் உள்ளேயே இருப்பேன், கூப்பிடும்போது தட்டோடு வருவேன், அவ்வளவுதான் எனக்கு அதில் பங்கு. ஆகையால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசனைதான், அன்னாசி, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, ஏதோ ஒரு இனிப்பு. அவர் மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கிற வேலையாக வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, தள்ளுவண்டியில் நல்ல பழுத்த அன்னாசியாக வாங்கி, சாறு பிழிந்து, சக்கையையும் விடாமல் சேர்த்துக் கோழியை ஊறப்போட்டேன். எதையும் தேவைக்கு மேலே செய்கிறது என் குணம்தானே, நிறைய ஊறினால் நிறைய ருசி என்று சாயங்காலம் போட்டதை மறுநாள் மதியம்தான் எடுத்தேன். எடுத்தேன் என்று எங்கே சொல்வது, கரண்டியால் அள்ளினேன். கறி எலும்பைவிட்டுக் கழன்று, மாவாகி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நர்ஸக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உன் பிள்ளைக்கு இன்னும் பல்லு வரலைங்கிறதுக்காகக் கோழியைக் கூழாக்கிட்டியா" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு மாடிக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த அன்னாசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிங்க் முன்னால் நின்றேன், நாக்கு சுரீர் சுரீர் என்றது, தின்கிற என் நாக்கையே இந்தப் பழம் இப்படிக் கடிக்கிறதே, ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்த கோழியை விட்டுவைக்குமா என்று அப்போதுதான் உறைத்தது. டின்னில் வருகிற சாறு கொதிக்கவைத்தது, அதற்கு அந்தக் கடி இருக்காது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே வேலை முடித்து வந்துவிட்ட உன் அப்பா பாத்திரத்தைத் திறந்து பார்த்தார், "யாரு இதை மிஷின்ல கொடுத்து அரைச்சது" என்றார், எனக்குத் தின்ன ஆசையாக இருந்தது என்றேன், "உனக்கா" என்று ஒரு பார்வை பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் இன்னொரு தந்திரம் செய்தேன், நீ இருந்திருந்தால் என்னோடு கூட்டுச் சேர்ந்திருப்பாய். டின் சாறு, சோயா சாஸ், தக்காளி சாஸ், வினிகர் எல்லாவற்றையும் மேடையில் வரிசையாக வைத்து, கடையில் கண்ணாடிச் சில்லில் புள்ளி வைக்கிற மெல்லிய பேனா இருக்கிறதல்லவா, அதைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாட்டிலிலும் எவ்வளவு இருக்கிறது என்று கோடு போட்டுவைத்தேன், சர்க்கரை டப்பாவிலும் போட்டேன், சாற்றை மட்டும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிட்டேன். பிறகு அவர் டீ குடிக்க வருகிற நேரமாகப் பார்த்துக் கோழிமேல் வினிகரைக் கவிழ்க்கப் போனேன். அவரால் தாங்கமுடியவில்லை. "அது கோழிக்கு ஊத்துறியா, பாத்ரூம் கழுவுறியா" என்று டீயை அப்படியே வைத்துவிட்டு, "தள்ளு" என்று பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கை பாட்டுக்கு எடுத்தது ஊற்றியது, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தது, இன்னும் கொஞ்சம் சர்க்கரை என்றது. நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன். சாயங்காலம் பின்வாசல் கரியடுப்பை மூடிவைத்திருந்த சாக்கை எடுத்துவிட்டு, நீ போன பிறகு முதல் தடவையாக அதை மூட்டினார். அங்கேதான் வந்தது வினை. உன் பக்கத்தில் நின்று இத்தனை நாளும் அவர் செய்தது விசிறினது மட்டும்தானாமே, புரட்டுகிறது, சாறு தடவுகிறது, கரியைத் தள்ளுகிறது எல்லாம் நீதானாம். அவருக்கு விசிறத்தான் தெரியும், விசிறினார். தீ எழும்பிச் சர்க்கரை பிடித்துக்கொண்டது, புரட்டுவதற்குள் ஒரு பக்கம் கரி, அதைப் பார்த்துப் பதறிப் புரட்டினால் மறுபக்கமும் கரி, கத்தியால் கீறிப் பார்த்தால் எலும்போரம் சிவப்பாகப் பச்சை இறைச்சி. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது மேஸ்திரி வேலை, அவ இருந்தா இப்படி ஆயிருக்காது" என்றார். பட்டறைக்கு வந்தால் எல்லோரையும் அதிகாரம் பண்ணுவாய் என்று உனக்கு வைத்த பெயரை, நீ கிளம்பிப்போன பிறகு அன்றுதான் மறுபடி அவர் வாயில் கேட்டேன். கருகினதைச் சுரண்டி எறிந்துவிட்டு, வாணலியில் தண்ணீர் விட்டு வேகவைத்துச் சாப்பிட்டோம், நன்றாக இருக்கிறது என்று மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக்கொண்டோம்.

சாப்பிட்டு முடித்துப் பாட்டில்களை அலமாரியில் எடுத்து வைத்தது அவர்தான். ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார், அடுத்ததையும் பிடித்தார், என் கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. என்னவோ திருடிவிட்டவள் மாதிரி தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன், வீட்டுக்கு வா என்று உன்னைக் கூப்பிட அவரிடம் இருந்தது அந்த ஒரு பிடிதானே, அதையும் நான் எடுத்துக்கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று. அவர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "இஞ்சி பாட்டில்ல இல்லையே, அதை எப்படி எழுதுவே" என்றார். கையை நீட்டி, "என் கட்டைவிரல் நீளம், அவ விரல் நீளம் இல்ல, டின் சாறுன்னு மறக்காம எழுது, இல்லேன்னா உன்னை மாதிரி கூழ் காய்ச்சிடுவா" என்றார். அப்போ வீட்டுக்கு வந்தால்தான் சொல்லுவேன் என்றீர்களே என்று கேட்டேன். "பசிச்சா சாப்பிடட்டும், விடு" என்று தம்பியை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

ஆகவே எழுதிக்கொள். ஒன்றரைக் கிலோ கோழி, தொடைக்கறியாக, எலும்போடு வாங்கு, நெஞ்சுக்கறி வறண்டுவிடும். டின் அன்னாசிச் சாறு ஒரு டம்ளர், சோயா சாஸ் அரை டம்ளர், தக்காளி சாஸ் அதைவிடக் கொஞ்சம் குறைவு, நாட்டுச் சர்க்கரை அரை டம்ளர், வினிகர் இரண்டே ஸ்பூன், பூண்டு ஒரு கைப்பிடி நசுக்கிக்கொள், இஞ்சி அப்பா கட்டைவிரல் அளவுக்குத் துருவிக்கொள், மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. உப்புப் போடவே போடாதே, சோயா சாஸில் இருப்பதே போதும். எல்லாவற்றையும் சர்க்கரை கரைகிற வரைக்கும் கலக்கி, கோழியைப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு டம்ளர் கலவையைத் தனியாக எடுத்து மூடிவை, சுடும்போது மேலே தடவ அதுதான், கோழி ஊறின சாற்றை எடுத்துத் தடவிவிடாதே, பச்சை இறைச்சி கிடந்தது, வயிற்றுக்கு ஆகாது, இது நான் சொல்கிறது. காலையில் ஊறப்போட்டால் சாயங்காலம் எடுக்கலாம், ஃபிரிட்ஜில்தான் வைக்கவேண்டும், அதுவும் கீழ்த்தட்டில், மேலே வைத்து ஒழுகினால் உன் ரூம் பெண்களின் சாப்பாடெல்லாம் வீண். இறைச்சி வெட்டின பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதே. ரூமுக்குள்ளே கரி மூட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வேண்டாம், கரிப்புகையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி நர்ஸக்கா சொன்ன கதையெல்லாம் கேட்டால் உனக்குத் தூக்கம் வராது. மொட்டைமாடியில் இடம் இருந்தால் அங்கே மூட்டு, இல்லாவிட்டால் அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் செய். தலைமுடியை முடிந்துகொண்டு செய், தொங்கவிட்டுக்கொண்டு தீப்பக்கத்தில் குனிகிற பழக்கம் உனக்கு இருக்கிறது.

இனி நான் சொல்லவந்தது. கோழி உன் கைக்கு வந்துவிட்டது, இனிமேல் அதைக் காட்டி உன்னை யாரும் கூப்பிட முடியாது. நீ அந்த வேலையில் சேர்ந்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். நீ செய்த பல் வரிசையைப் படம் எடுத்து அனுப்பினாயே, எது நிஜப் பல் எது நீ செய்தது என்று தெரியாமல் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணைச் சோதிக்கிற எனக்கே தெரியவில்லை. அதை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். லீவுக்கு வா என்று மட்டும் சொல்வேன், கோழிக்காக இல்லை, அப்பாவுக்காகக்கூட இல்லை, எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். இந்த வீட்டில் நான் பயப்படுகிறதை எல்லாம் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, அப்பாவிடம் சொன்னால் டாக்டரிடம் போவோமா என்று உடனே சட்டையை மாட்டிக்கொள்கிறார், நீ இருந்தால் "சித்தி, நீங்க முதல்ல தண்ணி குடிங்க" என்பாய், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். வரமுடியாது என்றாலும் எனக்குக் கோபம் இல்லை, கோபம் இல்லாதது மாதிரி இருந்துகொள்வேன். உன் தம்பி போனில் உன் முகத்தைப் பார்த்தால் கவ்வப் பார்க்கிறான், நேரில் வந்தால் கவ்விவிடுவான், கீழே ஒரு பல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது, அதை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன், அப்பாவுக்கே இன்னும் தெரியாது.

நீ எடுத்த வேலை உனக்குப் பழகி வரட்டும், கண்ணும் கையும் கெடாமல் இருக்கட்டும், நல்ல மனுஷர்களே உன்னைச் சுற்றி இருக்கட்டும். பல்லைத் தேய்க்கிற மிஷின் முன்னால் உட்காரும்போது முகமூடியும் கண்ணாடியும் போடாமல் உட்காராதே, அந்தத் தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்று காலை உன் அப்பா பட்டறைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டவர், வாசலில் அப்படியே நின்று, "எழுதிட்டியா" என்றார். இன்னும் இல்லை, ராத்திரிதான் எழுதவேண்டும் என்றேன். "எழுதுறப்ப அப்படியே கேளு, கரியை எவ்வளவு எரியவிட்டு அப்புறம் கோழியை வைப்பா, எப்பப் புரட்டணும்னு எதை வச்சுக் கண்டுபிடிப்பா" என்றார். நீங்களே போனில் கேளுங்களேன் என்றேன். செருப்பின் வாரைக் கழற்றி மறுபடி மாட்டினார். "நான் கேட்டா சொல்லுவாளா" என்றார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை, கண்ணு. சொல்லுவாள் என்று, உன்னைக் கேட்காமலே உனக்காகச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அடுப்பு மூட்டுவார், நான் வேண்டாம் என்றால் கேட்கப்போவதில்லை. கரி விஷயமும் புரட்டுகிற விஷயமும் அவருக்குப் புரிகிற மாதிரி விவரமாக எழுது. எனக்கு எழுதாதே, அவர் பெயருக்கு எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
சித்தி